பை மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தது

நாள்காட்டித் தாளைக் கிழித்தால் நான் எறிவதில்லை. பின்பக்கத்தில் அன்றைய சங்கதியை ஒரு வரி எழுதி வைப்பேன். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமைத் தாளில் இப்படி இருக்கிறது:

"காலை. மாப்பிள்ளையின் பை கச்சிராயபாளையம் புறப்பட்டது. மாப்பிள்ளை இன்னும் பல் துலக்கவில்லை."

ஏதோ தூக்கக் கலக்கத்தில் எழுதியது மாதிரி தெரியும். இல்லை. குறிப்பு சரியானது. நடந்ததும் அதுதான்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை சாந்தியின் கணவர் சேகர். குடியிருப்பது தாம்பரத்தில், அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி. இந்தக் கோடை விடுமுறைக்கு நீளமாக ஒரு டூர் போட்டிருந்தார்கள். திருவண்ணாமலை, செஞ்சி, கள்ளக்குறிச்சியில் என் வீடு, பிறகு கல்வராயன் மலை. மலையிலிருந்து இறங்கி ஏற்காடு, கொடைக்கானல், மதுரை, கடைசியாக ராமேஸ்வரம். அங்கே ரயில் ஏறினால் நேராகத் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சாந்தி வாய்விட்டுக் கேட்ட முதல் டூர் இது. தனுஷ்கோடியில், அந்த ரோடு முடிகிற இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளர். ஒரே ஒரு விஷயம் — சூலம் பார்ப்பார். இந்தக் கிழமையில் இந்தத் திசைக்குப் போகக்கூடாது என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்குமே, அது. மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் சூலம் கிடையாது என்பதால் வேலையில் அவருக்குத் தொந்தரவு இல்லை. பக்கவாட்டில் போகும்போதுதான் சிக்கல்.

வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். கல்வராயன் மலை எங்கள் ஊருக்கு மேற்கே. மலை மேல் கரியாலூரில் ரூம் கிடைத்ததோ வெள்ளிக்கிழமைக்குத்தான்.

"அதுக்கென்ன மாப்ள, பரிகாரம் இருக்கே. ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்கினு கிளம்ப வேண்டியதுதான்" என்றேன்.

"மச்சான், எனக்கு சுகர்" என்றார்.

பஞ்சாங்கம் எழுதியவர்கள் இதை யோசிக்கவில்லை.

ஆகவே பரஸ்தானம். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கிளம்பவேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் நம் பொருள் ஒன்றை, துணியோ பையோ, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு சாவகாசமாகக் கிளம்பிப் போய்ப் பையோடு சேர்ந்துகொள்ளலாம். முன்ஜாமீன் மாதிரி.

சாதாரணமாக அடுத்த தெரு வீடே போதும். மாப்பிள்ளை எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். என் சிநேகிதர் பழனிவேல் — கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டிருக்கிறவர் — வியாழக்கிழமை காலையில் மருந்துக் கடைக்கு வந்திருந்தார். அவரைப் பிடித்து, டவுன் பஸ்ஸில் பையை அவர் மடியிலேயே வைத்து அனுப்பினோம். மதியம் போன் வந்தது.

"அண்ணே, பை பத்திரமா வந்துடுச்சி. கூடத்துல சேர் போட்டு ஒக்கார வெச்சிருக்கேன். எங்கூட்ல அதுக்கும் காபி வைக்கணுமான்னு கேக்குறா."

"வேணாம்ப்பா. அவருக்கு சுகர்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

இந்த விவரத்தையெல்லாம் ஒருத்தி உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிவேதா. சாந்தியின் ஒரே மகள், வயது பதினாலு. அவளுக்கு ஊர் ஏக்கம்.

டூரின் இரண்டாம் நாளே ஆரம்பித்திருக்கிறது. அழுகை, ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. எதைக் காட்டினாலும் ஒரு முறை பார்ப்பாள். பிறகு வீட்டைச் சொல்லுவாள். செஞ்சிக் கோட்டையில் மூச்சு வாங்க ஏறி, உச்சியில் நிறுத்தி, "எப்படி இருக்கு?" என்று அப்பா கேட்டபோது, "நம்ம மொட்டை மாடியில இருந்தும் தூரமாத்தான் தெரியும்" என்றாளாம். ஓட்டலில் அரை இட்லி. வீடுகளில் இரண்டு வாய் சோறு. போனில் எடுத்த டூர் போட்டோக்களைக் காட்டச் சொன்னேன். கோபுரம் ஒன்று. மீதி எல்லாம் கதவுகள். லாட்ஜ் கதவு, சத்திரத்துக் கதவு, என் வீட்டுக் கதவு.

"கதவு எதுக்கும்மா?"

"எங்க வீட்டுக் கதவு மாதிரி எதுனா இருக்கான்னு பாக்கறேன் மாமா."

"இருக்கா?"

"இல்ல."

ராத்திரியில் தூக்கமும் இல்லை. "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு சவுண்டு குடுக்கும் மாமா. அது இல்லாம தூக்கம் வரல." எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் சத்தம் போடுமே என்றேன். இரண்டு நிமிடம் அதன் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்தாள். "இது வேற ட்யூன்."

சாந்திக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாடி வேணும் உனக்கு?"

"வீட்டுக்குப் போணும்."

"வூட்ல இருக்கறது மூணு பேரு. மூணு பேரும் இங்கதான் இருக்கோம். அங்க பூட்டு மட்டுந்தான் தொங்கினு இருக்கு. பூட்டப் பாக்கவா போற?"

"ஆமா."

நானும் பயணக் கட்டுரைகள் நிறையப் படித்தவன். கடல் கடந்து போனவர்கள், கால்நடையாகப் போனவர்கள்... அம்மாவை நினைத்து ஏங்கியிருக்கிறார்கள். ஊறுகாயை நினைத்து ஏங்கியிருக்கிறார்கள். பூட்டை நினைத்து ஏங்கிய யாத்ரீகரை நான் படித்ததில்லை.

மாப்பிள்ளையின் கருத்து எளிமையானது. "ரெண்டு நாள்ல சரியாப் போயிடும் மச்சான்." இதையே செஞ்சியிலும் சொன்னாராம்.

அன்று மதியம் துணி மடித்துக்கொண்டே சாந்தி என்னிடம் மட்டும் சொன்னாள். "அண்ணா, மலைக்குப் போய்ட்டு வந்து பாப்பேன். அப்பவும் சாப்புடலன்னா திரும்பிட வேண்டியதுதான். தனுஷ்கோடி எங்க ஓடிடப்போவுது." சொல்லிவிட்டு, மடித்த புடவையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

சாயங்காலம் நிவேதா என் மேசைக்கு வந்தாள்.

"மாமா, பரஸ்தானம் லேடீஸ் வைக்கலாமா?"

"தாராளமா."

"மைனர்?"

"வயசு வரம்பு எதுவும் போட்டு நான் பாத்ததில்ல."

"ஒரே குடும்பத்துல ரெண்டு பேரு ரெண்டு திசையில வெச்சா?"

"அவங்கவங்க பயணம் அவங்கவங்களுக்கு."

"வெச்ச பிறகு, எதிர் திசையில கூட்டிக்கினு போனா?"

"போகக்கூடாது. புறப்பட்ட பயணத்த முடிக்காம வேற பக்கம் போனா, போன காரியம் உருப்படாதும்பாங்க."

"தேங்க்ஸ் மாமா" என்று போய்விட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் யார் இதையெல்லாம் கேட்கிறார்கள்? அவள் பின்னாலேயே போய் இரண்டு புத்தகங்களை வேறு நீட்டினேன். வேண்டாம், இதுவே போதும் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ரஃபீக் பாய் வந்தார். தியாகதுருகத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்லூரி நாளிலிருந்தே சிநேகிதம். தங்கச்சி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரோடு வந்துவிட்டார். டூர் போகிறவர்களுக்கு நாலு அடுக்கு கேரியர். அதை எப்படித் தூக்கிப் போவது என்று சாந்தி தவித்ததைப் பார்த்து, "ராமேஸ்வரத்துல வாங்குற மீனை எதுல எடுத்துனு போவ?" என்றார். பிறகு "ஜும்ஆ தொழுகைக்கு நேரமாவுது" என்று கிளம்பினார். போகும்போது அவர் தோளில் ஒரு ஊதா நிறப் பை தொங்கியது. வியாபாரிதானே, ஏதாவது சாம்பிளாக இருக்கும் என்று நான் கவனிக்கவில்லை.

தியாகதுருகம் எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. சென்னை போகிற வழியில். இதையும் நான் கவனிக்கவில்லை.

வாடகைக் கார் வைத்துக்கொண்டு நானும் அவர்களோடு மலைக்குக் கிளம்பினேன். கச்சிராயபாளையத்தில் மாப்பிள்ளை தன் பையோடு சேர்ந்தார். பழனிவேல் வீட்டில் சாப்பாடு. கோமுகி அணையைப் பார்த்தோம். மாப்பிள்ளை மகளுக்கு மதகைக் காட்டி, ஷட்டர் மேலே போவதையும் கீழே வருவதையும் அக்கறையாக விளக்கினார். அவர் துறை ஆயிற்றே.

"நம்ம அபார்ட்மென்ட் சம்ப்பு ரொம்புனா இதவிட சத்தம் ஜாஸ்தியா இருக்கும்" என்றாள் நிவேதா. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் கூட வாந்தி எடுக்கவில்லை. "சொன்னேனே மச்சான், ரெண்டு நாள்தான்" என்றார் மாப்பிள்ளை.

சனிக்கிழமை காலை. அருவிக்குப் போகக் கிளம்பி, ரூமுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சாந்தி மாற்றுத் துணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் பை எங்கடி? கார்லயும் இல்ல, ரூம்லயும் இல்ல."

நிவேதா டீயை ஒரு வாய் குடித்தாள். "தியாகதுருகத்துல."

"எங்க?"

"தியாகதுருகத்துல. ரஃபீக் அங்கிள் வீட்ல. பரஸ்தானம் வெச்சிருக்கேன். நேத்து காலைலயே நான் வீட்டுக்குக் கெளம்பிட்டேன்."

டீக்கடை அம்மாள் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்திலேயே நிறுத்தினாள்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் நம்புகிறவர். நம்பாதவருக்கு இது ஒரு குழந்தைக் குறும்பு. நம்புகிறவருக்கு இது சட்டச் சிக்கல்.

"வெள்ளிக்கிழமை கிழக்க..." என்று விரலை மடக்கினார்.

"சூலம் இல்ல. மாமா காலண்டர்ல பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

"இன்னிக்கி சனிக்கிழமை. கிழக்க சூலம். இன்னிக்கி எப்படித் திரும்பறது?"

"அதுக்குத்தான் நேத்தே வெச்சேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் டீ கிளாசைப் பார்த்தேன்.

"கடையில வெச்சிருந்தா செல்லாது" என்றார் திடீரென்று. "வூட்லதான் வெக்கணும். அப்படித்தான மச்சான்?"

"வீடுன்னுதான் வழக்கம்" என்றேன். சொல்லித்தானே ஆக வேண்டும்?

"போன் பண்ணிக் கேளுங்க" என்றாள் நிவேதா.

மலையில் சிக்னல் இல்லை. டீக்கடை அம்மாள் கரண்டியால் கைகாட்டினாள். "அந்தப் பலா மரத்தாண்ட போய் நின்னா கெடைக்கும். வடக்கால பாத்து நிக்கணும்."

நாலு பேரும் பலா மரத்தடிக்குப் போய், வடக்குப் பார்த்து நின்றோம். நீதி கிடைக்க வேண்டிய இடம் அதுதான் என்பது போல, டீக்கடை அம்மாளும் கரண்டியோடு வந்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாய், நிவேதா குடுத்த பைய எங்க வெச்ச? கடையிலயா, வூட்லயா?"

"கடையிலதான் வெக்கலாம்னு பாத்தேன். எலி ஜாஸ்தியா இருக்குப்பா. புள்ளையோட பையாச்சேன்னு வூட்டுக்கு எடுத்துனு போயிட்டேன். இன்னா விசயம்?"

முடிந்தது. பரஸ்தானம் செல்லும். நிவேதா சிரிக்கவெல்லாம் இல்லை. ஜெயித்தவள் மாதிரியே தெரியவில்லை. "நான் வீட்டுக்குப் போறேன்ப்பா" என்றாள், ரொம்ப மெதுவாக.

சாந்தி கையிலிருந்த துண்டை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். "சரி, கார எடுக்கச் சொல்லுங்க. இறங்கிடலாம்" என்றாள். ஏற்காடு, கொடைக்கானல், மதுரை எல்லாம் அந்தத் துண்டுக்குள் போய்விட்டன. தனுஷ்கோடியும்.

"இன்னாப்பா, யாரும் பேச மாட்டேன்றீங்க?" என்றது போன். "பை வேணுமா? பை இப்ப எங்கிட்ட இல்லியே."

"இல்லியா? எங்க இருக்கு?"

"தாம்பரத்துல."

மாப்பிள்ளை என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நம்ம சாதிக் நேத்து ராத்திரி மெட்ராசுக்குச் சரக்கு எடுக்கப் போனான் மாப்ள. நீங்க ராமேஸ்வரத்துல இருந்து ரயில்ல நேரா போய்டுவீங்கன்னு தங்கச்சி சொல்லிச்சி. அப்புறம் இந்தப் பை இங்கியே கெடந்துடும் இல்ல? அட்ரஸ் எழுதுன அட்ட பையிலயே தொங்கினு இருந்துச்சி. போற வழிதானடா, வூட்ல வெச்சிடுன்னு குடுத்து வுட்டேன். பூட்டி இருந்துச்சாம். கதவாண்ட வெச்சிட்டு, விடியக்காலைலயே போட்டோ அனுப்பிட்டான். நானும் உங்களுக்கு அனுப்புனேன். வரலியா?"

சிநேகிதரின் மகன் சாதிக்கை எனக்குத் தெரியும். வழியில் ஒரு கூடை தக்காளி கிடந்தாலும் உரியவர் வீடு தேடிக் கொடுத்துவிட்டுத்தான் போவான். அப்பாவும் பிள்ளையும் அப்படி.

போட்டோ அப்போதுதான் வர ஆரம்பித்தது. பலா மரத்தடி சிக்னலில், மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவது போல. முதலில் வெறும் சுவர். பிறகு நிலைப்படி, காய்ந்து போன மாவிலை. பிறகு பூட்டு. நிவேதா அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பூட்டுக்குக் கீழே ஊதா நிறப் பை. கதவில் சாய்ந்து, யாராவது வந்து திறப்பார்கள் என்று காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தது.

முதலில் புரிந்துகொண்டவர் மாப்பிள்ளைதான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தால் முகம் எப்படி மாறுமோ அப்படி மாறியது.

"பை போய்ச் சேந்துடுச்சி" என்றார். "பயணம் முடிஞ்சிடுச்சி. நீ வூட்டுக்குப் போய்ச் சேந்துட்டம்மா."

நிவேதா போட்டோவில் இருந்த பையைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"அப்ப இங்க நிக்கறது யாரு?"



"யாரா இருந்தா இன்னா" என்றாள் டீக்கடை அம்மாள். "குடிச்சது பாதி டீ. மீதி ஆறிடுச்சி. வேற போடட்டா?"

இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தேதி, கிழமை பார்க்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இதுதான் தொல்லை. ஒரு பக்கம் தங்கச்சி மடித்த துண்டு. ஒரு பக்கம் மருமகளின் கண். நான் இதுவரை படித்ததையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஆள் பையைத் தேடிப் போவதற்கு விதி உண்டு. ஆளை விட்டுவிட்டுப் பை ஊர் போய்ச் சேர்ந்ததற்கு விதி இல்லை. இல்லாத இடத்தில் நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?

"போய்ச் சேந்தாச்சு" என்றேன். "வீட்டுக்குப் போகணும்னு கிளம்பின பயணம் நல்லபடியா முடிஞ்சுது. இனிமே எங்க போனாலும் அது புதுசா கிளம்பினது. சனிக்கிழமை மேற்கே சூலமும் இல்ல."

"பை வெளியத்தான இருக்கு மாமா? உள்ள போகலியே."

"வாசலுக்குப் போனா போனதுதான்" என்றார் மாப்பிள்ளை அவசரமாக. "பூட்டப் பாக்கணும்னு சொன்ன. பாத்தாச்சு."

அவள் அப்பாவிடம் கையை நீட்டினாள். போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்தாள். பூட்டைப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். மெதுவாக நகர்த்தி, செருப்பு ஸ்டாண்டுக்கு வந்தாள்.

"அம்மா, என் பழைய செருப்பு."

"ஆமாடி."

"ஒண்ணு கவுந்து கெடக்கு."

"நீதான கழட்டிப் போட்ட. போய் நிமித்தி வெச்சிக்கலாம்."

"அது அப்படியே இருக்கும்மா. யாரும் எடுக்கல."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. படத்தை அம்மாவிடம் கொடுத்தாள். டீக்கடைப் பக்கம் நடந்தாள். "தோசை இருக்கா?" என்று கேட்டது எங்களுக்கு மரத்தடியிலேயே கேட்டது.

நாலு தோசை. மாற்றுத் துணி தாம்பரத்தில் இருந்ததால் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு அருவியில் இறங்கினாள். முதல் நாள் ராத்திரி மழை பெய்திருந்தது. தண்ணீர் நன்றாகவே விழுந்தது. வெளியே வா, வா என்று சாந்தி கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. நான் பாறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஊர் ஏக்கம் என்றால் பிரிவுத் துயரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதில் பாதி சந்தேகம்தான் போலிருக்கிறது. நாம் இல்லாத நேரத்திலும் வீடு அங்கேயே இருக்கிறதா? கவிழ்ந்த செருப்பு கவிழ்ந்தபடியே கிடக்கிறதா? வெளியூரில் ராத்திரி விழித்துக்கொள்கிற எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. பெரியவர்கள் அதற்கு "கேஸ் சிலிண்டரை மூடினோமா?" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வர ஓர் ஆள் கிடைத்துவிட்டால் போதும். ஆள் கிடைக்காவிட்டால் பை.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் கரியாலூர் ரூம் வாசலில், எனக்கு எதிரில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள். கொட்டைகளை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கினாள். இதை ஏன் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

மறுநாள் மலையிலிருந்து இறங்கியதும் சாந்தி எதிர் ஃப்ளாட்டு அம்மாளுக்குப் போன் செய்தாள். கதவுக்கு வெளியே இருக்கும் பையை எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்வதற்காக.

"எந்தப் பை?" என்றாராம் அந்த அம்மாள். "நேத்து சாயங்காலம் வெளக்கு வெக்கற நேரம் உங்க பொண்ணே எடுத்துக்கினு உள்ள போயிட்டாளே. இன்னாம்மா, நீ மட்டும் முன்னாடியே வந்துட்டியான்னு கேட்டேன். ஆமா ஆன்ட்டின்னா. டூர் எப்படி இருந்துதுன்னு கேட்டேன். பரவால்லன்னா."

சாந்தி போனை ஸ்பீக்கரில் போட்டு மறுபடி சொல்லச் சொன்னாள். அதே வார்த்தைகள். மாப்பிள்ளை தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விசாரிக்காமல் நான் விடுவேனா? வாட்ச்மேனிடம் பேசினேன். சனிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது மாடிக்கு வெளியாள் யாரும் போகவில்லை என்கிறார். சாதிக்கிடம் பேசினேன். விடியக்காலையில் பையை வைத்தவன், திரும்ப அந்தப் பக்கமே போகவில்லை. எதிர் ஃப்ளாட்டு அம்மாளுக்குக் கண்ணில் புரை இருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்பது சாந்தி தந்த தகவல். வேறு யாராவது எடுத்துப் போயிருக்கலாம் என்பது ரஃபீக் பாயின் கருத்து. வீட்டுச் சாவி ஒன்றுதான். அது சாந்தியின் பர்ஸிலேயே இருக்கிறது. நானே வாங்கிப் பார்த்தேன்.

நிவேதாவிடம் சொன்னபோது அவள் பயப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. எதிர் ஃப்ளாட்டு அம்மாள் சொன்னதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

"பரவால்லன்னா சொன்னேன்? நல்லா இருந்துதுன்னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

இதை எழுதும் இன்று அவர்கள் ராமேஸ்வரத்தில் இருக்கிறார்கள். காலையில் தனுஷ்கோடி போட்டோ வந்தது. ரோடு முடிகிற இடத்தில் சாந்தி நிற்கிறாள், புடவை ஒரு பக்கமாகப் பறக்கிறது. எடுத்தவள் நிவேதா. கதவே இல்லாத இடத்தில் அவள் எடுத்த முதல் படம் இதுதான் என்று மாப்பிள்ளை கீழே எழுதியிருக்கிறார். நாளை மறுநாள் தாம்பரத்தில் இறங்கிக் கதவைத் திறப்பார்கள்.

பை வீட்டுக்கு உள்ளே இருக்கிறதா என்பது, இந்தப் பத்தி அச்சுக்குப் போகும் வரை, சரிபார்க்கப்படவில்லை.